ஏர்கோனுக்குப் போர்த்திய துணி

மலைமேல் வீடு வைத்திருப்பவனுக்கு ஏர்கோன் எதற்கு என்று என்னைக் கேட்காதவர்கள் ரிங்லெட்டில் குறைவு. விசிறியே தேவைப்படாத ஊர் இது. ஒவ்வொருவருக்கும் நின்று விளக்கம் சொல்வதை நான் நிறுத்தி ரொம்ப நாளாகிறது. அந்தப் பெட்டி குளிரையும் தரும், சூட்டையும் தரும். நாங்கள் வாங்கியது சூட்டுக்காக. சாயங்காலம் அணைப் பக்கமிருந்து ஏறும் மூடுபனி ஜன்னல் இடுக்கு வழியாக உள்ளே வந்து, காய்ந்த துணியை மறுபடி ஈரமாக்கிவிடும். என் மனைவியின் நெஞ்சுக்கு அந்த ஈரம் ஆகாது. அறை உலர்ந்து, வெதுவெதுப்பாக இருந்தால் அவள் படுத்துத் தூங்குவாள். இல்லாவிட்டால் தலையணையை முதுகுக்கு வைத்துக்கொண்டு உட்கார்ந்தேதான் இருக்கவேண்டும். ஈப்போவில் இருக்கும் எங்கள் மகள் தேடிப் பிடித்து அந்த ஏர்கோனை வாங்கி, கூடத்துச் சுவரில் மாட்டிக் கொடுத்தாள். அதற்கு எதிரேதான் மனைவியின் கட்டில்.

அவளுடைய நெஞ்சு கெட்டது தேயிலை பேக்டரியில். சல்லடை ரூமில் இருபது வருசத்துக்கு மேல் நின்றவள். காய்ந்த தேயிலையைத் தரம் பிரிக்கச் சலிக்கும்போது அதிலிருந்து பஞ்சுபோல ஒரு பழுப்புத் தூசி பறக்கும். அது இமையில் ஒட்டும், முடியில் ஒட்டும், உள்ளேயும் போகும். நான் அதே பேக்டரியில் ஸ்டோர் கிராணி, அதாவது குமாஸ்தா. கொழுந்து பறிக்கிற கூட்டத்தில் தொடங்கி, கொஞ்சம் படித்திருந்ததால் மேலே ஏறியவன். கத்தி, சாக்கு, பூட்ஸ், சல்லடை ரூம் பெண்கள் மூக்கில் கட்டும் துணி, எல்லாமே என் கையைத் தாண்டித்தான் வெளியே போகும்.

ஸ்டோரில் ஒரு சட்டம் வைத்திருந்தேன். பழசைக் கொண்டுவந்து கொடுத்தால்தான் புதுசு. மூக்குத் துணிக்கும் அதுதான். துணியை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிள்ளைக்கு அரைஞாணில் கட்டுகிறார்கள், அடுப்படியில் பிடிதுணி ஆக்குகிறார்கள் என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம். கட்டிய மனைவிக்கும் அதே சட்டம்தான். அவளுக்கு மட்டும் ஒன்று கூடுதலாகக் கொடுத்தால் ஊர் என்ன பேசும்? இதை நான் பெருமையாகப் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். கல்யாண வீடுகளில்கூட.

வேலையை விட்டு வந்தாலும் அந்தக் கண் போகவில்லை. மீன்காரன் தராசைப் பார்ப்பேன். கியா பார்ம் சந்தையில் ஸ்ட்ராபெரிப் பெட்டியை வாங்கினால் அடித்தட்டைக் கிளறிப் பார்த்துத்தான் வாங்குவேன். "கிராணி வேல முடிஞ்சி போச்சிங்க. இன்னும் எதுக்கு எல்லாரையும் சாக்கு பிரிச்சி பாக்குறீங்க?" என்பாள் மனைவி.

எங்கள் வீட்டுக் குளியலறை பின்பக்கம், வெளியே இருந்தது. பனியில் நடந்து போய் வந்தாலே அவளுக்கு இளைக்கும். அதனால் அடுப்படிச் சுவரை இடித்து, உள்ளேயே ஒரு குளியலறை கட்டுவது என்று முடிவெடுத்தோம். காண்ட்ராக்டர் ரிங்லெட் ஆள், நம் தமிழ்ப் பையன்தான், நாற்பது வயதிருக்கும். வாய் நிறைய அங்கிள், அங்கிள் என்பான். அவ்வளவு அங்கிள் போடுகிறவனை நான் நம்புவதில்லை. பன்னிரண்டு நாள் வேலை என்றான். மகள் அம்மாவை ஈப்போவுக்கு அனுப்பச் சொன்னாள். மனைவி போகவில்லை.

"நான் போயிட்டா இவரு வேலைக்காரங்களோட சண்ட போட்டுட்டு உக்காந்திருப்பாரு. செவுரு பாதில நிக்கும்" என்று போனில் மகளிடம் சொன்னாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

காண்ட்ராக்டர் கூட்டிவந்தது ஒரே ஒரு ஆளை. இந்தோனேசியர், ஐம்பதை ஒட்டிய வயது, மீசை நரைத்தவர், பேச்சே கிடையாது. முதல் நாள் சம்மட்டியைத் தொடுவதற்கு முன்னால் அவர் செய்த காரியம் எனக்கு விசித்திரமாகப் பட்டது. கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவே மேலிருந்து கீழ்வரை பிளாஸ்டிக் திரை கட்டினார். பிறகு ஏணி போட்டு ஏறி, ஏர்கோனை ஒரு பெரிய பிளாஸ்டிக் தாளில் சுற்றி, நாலு பக்கமும் நீல டேப்பால் ஒட்டினார். ஓரங்களை விரலால் ஒவ்வொரு அங்குலமாக நீவிவிட்டார். கடைசியில் சுவிட்சையும் அணைத்து, அதன் மேலும் ஒரு துண்டு டேப்.

"ஆபுக் உள்ளே போனால் சாமான் கெட்டுப்போகும், பாக்சிக்" என்றார் மலாயில். ஆபுக் என்றால் தூசி; பாக்சிக் என்பது அவர்கள் பாஷையில் அங்கிள். "வேலை முடியும்வரை திறக்காதீர்கள்."

இவ்வளவு அக்கறை ஒரு கூலி ஆளுக்கு எதற்கு என்று யோசித்தேன். அளவுக்கு மீறி ஒழுங்காகக் கட்டிய சாக்கில்தான் அடியில் எடையைக் கூட்ட ஈரக் கொழுந்து இருக்கும். அது எனக்கு அனுபவம். மற்ற இடங்களில் கோட்டை விடப்போகிறார்கள், அதற்காக இங்கே பவிசு காட்டுகிறார்கள் என்று முடிவுகட்டினேன். ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டைக் கழுவித் துடைத்து, ஏர்கோனுக்கு நேர் கீழே டிவி மேசையில் வைத்தேன். தூசி விழுந்தால் தட்டு சாட்சி சொல்லும். மனைவி கட்டிலில் இருந்தபடியே பார்த்தாள்.

"சோறு போட போறீங்களா?" என்றாள்.

முதல் இரண்டு நாள் தட்டில் சொல்லும்படி ஒன்றும் இல்லை. கல் அறுக்கும் வேலையை அந்த ஆள் வெளியே, குழாயடியில் வைத்துத் தண்ணீர் விட்டுக்கொண்டே செய்தார். சிகரெட் பிடிக்கத்தான் வெளியே போகிறார் என்று நினைத்து இரண்டு தடவை எட்டிப் பார்த்தேன். அவர் சிகரெட் பிடிக்கவில்லை. அதுவும் எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது.

மூன்றாம் நாள் மதியம் பிடித்த மழை விடவே இல்லை. எதிரே தேயிலைச் சரிவு கண்ணுக்குத் தெரியாமல் வெள்ளையாக மூடிவிட்டது. அந்த ஆள் வேலை முடித்துப் போன பிறகு கூடத்தில் குளிர் இறங்கியது. இரண்டு கம்பளி போர்த்தியும் மனைவி நடுங்கினாள், மூச்சு விசில் அடித்தது. சுவரில் அவளுக்காகவே வாங்கிய சூடு, பிளாஸ்டிக்கில் சுற்றிக் கிடந்தது. எனக்குக் கோபமாக வந்தது. எவனோ ஒட்டிவிட்டுப் போன டேப்புக்குப் பயந்து என் வீட்டில் என் மனைவி குளிரில் கிடக்க வேண்டுமா?

அப்போதுதான் துணி ஞாபகம் வந்தது. பேக்டரியில் சல்லடை ரூம் வாசலில் ஒரு கனத்த துணி தொங்கும், தூசி மற்ற பக்கம் போகாமல் இருக்க. நான் வேலையை விடும் சமயத்தில் அதை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் திரை போட்டார்கள். எஸ்டேட் துரையிடம் கேட்டு, அவர் சரி என்ற பிறகுதான் அதை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நான் அடுத்தவனைச் சந்தேகப்படுவேனே தவிர, கேட்காமல் ஒரு ஊசியைக்கூட எடுத்ததில்லை. மடித்து அலமாரியின் மேல் வைத்திருந்தேன். இறக்கி முகர்ந்து பார்த்தேன். தேயிலை வாசம். பூஞ்சை இல்லை, எலி நாற்றம் இல்லை. எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவனுக்குத் தேயிலை வாசம் என்றால் சுத்தம் என்றுதான் அர்த்தம். வாசலில் வைத்து ஒரு உதறு உதறிவிட்டு, ஏணி போட்டு ஏறினேன்.

டேப்பை மெல்ல உரித்து பிளாஸ்டிக்கைக் கழற்றினேன். ஏர்கோன் காற்றை மேற்பக்கமாக உள்ளே இழுத்து, கீழ்ப்பக்கமாக வெளியே விடும். இழுக்கும் பக்கத்தில் துணியைப் போர்த்திவிட்டால், காற்று துணி வழியாக வடிகட்டித்தானே வரும்? எவ்வளவு எளிய யோசனை, இது அந்தக் காண்ட்ராக்டருக்குத் தோன்றவில்லையே என்று எனக்கே என்னைப் பிடித்துப்போயிற்று. சுவிட்சைப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் கூடம் வெதுவெதுப்பானது. மனைவி கம்பளியை விலக்கினாள்.

காலையில் அவர்கள் வருவதற்கு முன்னால் துணியை மடித்து வைத்துவிட்டு, பிளாஸ்டிக்கைப் பழையபடி சுற்றி, அதே டேப்பை அதே இடத்தில் அழுத்தி ஒட்டினேன். அவர்களிடம் எனக்கு விளக்கம் சொல்லப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். அதன் பிறகு தினமும் சாயங்காலம் கழற்றுவதும் காலையில் மாட்டுவதும் வாடிக்கையாயிற்று.

"தேயில வாசம் வருதுங்க" என்றாள் மனைவி, நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ.

"எஸ்டேட் பக்கத்துல குடியிருந்தா தேயில வாசம் வராம, மல்லியப்பூ வாசமா வரும்? காத்து அந்தப் பக்கத்துலேருந்து அடிக்குது."

"காத்துல வர்ற வாசம் இல்லைங்க. இது பேக்டரி உள்ளுக்குள்ள இருக்கிற வாசம்."

"பேசாம தூங்கு லா."

ஏழாம் நாள் அவள் இருமல் கூடியது. இத்தனைக்கும் அறை சூடாக இருந்தது. டிவி மேசைத் தட்டைப் பார்த்தேன். விரலால் கோடு போடலாம், அந்த அளவுக்குத் தூசி. எனக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி. சொன்னேனே, இவர்கள் சரியில்லை என்று. அன்றைக்குக் காண்ட்ராக்டர் வந்ததும் தட்டை அவன் மூக்குக்குக் கீழே நீட்டினேன்.

"இது என்னா தம்பி?"

அவன் தட்டை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். "இது சிமெண்டு மாதிரி இல்லயே அங்கிள். கலரு வேற மாதிரி இருக்கு."

"என் காதுல பூ சுத்தாதே. என் வீட்ல சிமெண்ட தவிர வேற என்னா ஒடைக்கிறீங்க?"

அவன் அந்த ஆளைக் கூப்பிட்டுக் கேட்டான். அவர் ஏணியில் ஏறி, டேப்பின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார். இறங்கி வந்து காண்ட்ராக்டரிடம் ஏதோ மெதுவாகச் சொன்னார்.

"டேப்ப யாரோ பிரிச்சி ஒட்டியிருக்காங்கன்னு சொல்றாரு அங்கிள். நீங்க ஏதாச்சும்..."

"யாரும் தொடல" என்றேன்.

அதைச் சொல்லும்போது எனக்கு நாக்கு கொஞ்சமும் குழறவில்லை. கட்டிலைத் திரும்பிப் பார்த்தேன். மனைவி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். அந்த ஆள் என்னை ஒரு நொடி பார்த்துவிட்டு வேலைக்குப் போனார். தப்பிக்க இப்போதே வழி பண்ணிக்கொள்கிறான், கண்ணில் மண்ணைத் தூவப் பார்க்கிறான் என்று நினைத்தேன். அடுத்தநாள் முதல் நாற்காலியை அடுப்படி வாசலில் போட்டு உட்கார்ந்துகொண்டேன். அவர் கை கழுவப் போனாலும் என் கண் கூடவே போயிற்று.

பத்தாம் நாள் காலையில் அவளால் ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்லி முடிக்க முடியவில்லை. தண்ணி என்பதைக் கையால் காட்டினாள். காரில் வைத்து தானா ராத்தா ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன். மூக்கையும் வாயையும் மூடி ஆவி மருந்து வைத்தார்கள். டாக்டர் பெண், சின்ன வயது. வீட்டில் தூசி பறக்கிற வேலை ஏதாவது நடக்கிறதா என்று கேட்டார்.

"நடக்குது. ஒழுங்கா மூடாம செய்யிறாங்க" என்றேன்.

மூடிக்கு மேலே மனைவியின் கண்கள் மட்டும் தெரிந்தன. அவை என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. எனக்குப் பயமாக இருந்தது. இவள் போய்விடுவாளோ என்ற பயம் அன்றைக்குத்தான் முதல் தடவையாக வந்தது. அந்தப் பயம் முழுவதையும் கோபமாக்கி, அங்கிருந்தே காண்ட்ராக்டருக்குப் போன் போட்டேன். அந்த ஆள் இனிமேல் என் வீட்டுப் படியை மிதிக்கக்கூடாது என்றேன். சாயங்காலம் நான் வீடு திரும்பியபோது அவருடைய சாமான் வாளி குழாயடியில் இல்லை. குழாயடி கழுவி விடப்பட்டிருந்தது.

இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்த பிறகு மகள் வந்து அம்மாவை ஈப்போவுக்குக் கூட்டிப்போனாள். நான் ஏர்கோன் மெக்கானிக்கை வரச்சொன்னேன். காண்ட்ராக்டரும் இருக்க வேண்டும் என்றேன். பெட்டியைத் திறந்ததும் சிமெண்டை இரண்டு கையாலும் அள்ளி அவனிடம் கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை.

மெக்கானிக் சீனர், அதிகம் பேசாத ஆள். முன்மூடியைத் தூக்கி, உள்ளேயிருந்த இரண்டு வலைகளையும் உருவினார். காண்ட்ராக்டர் எட்டிப் பார்த்தான். நானும் பார்த்தேன். வலையின் கண்களே தெரியவில்லை. அதன்மேல் மெத்தென்று ஒரு பழுப்புப் பஞ்சு. மெக்கானிக் அதை நாளிதழ் மேல் தட்டினார். கம்பளி மாதிரி ஒரே தகடாகப் பெயர்ந்து விழுந்தது. வலைக்குப் பின்னால் இருந்த அலுமினியத் தகடுகளுக்கு இடையிலும் அதே பழுப்புதான்.

"சிமெண்டு கொஞ்சம்தான்" என்றார் மலாயில், விரலைத் தேய்த்துக்கொண்டே. "இது என்ன, பாக்சிக்? வீட்டில் பூனை வளர்க்கிறீர்களா?"

நான் ஒரு சிட்டிகை எடுத்துத் தேய்த்தேன். மூக்குக்கிட்டே கொண்டுபோக வேண்டிய தேவையே இல்லை. இருபது வருசம் அவள் முந்தானையிலிருந்தும் முடியிலிருந்தும் நான் முகர்ந்த வாசம். ஏணிக்குப் பக்கத்தில், நாற்காலி முதுகில், அந்தத் துணி மடித்துக் கிடந்தது. காண்ட்ராக்டர் துணியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அவன் கெட்டிக்காரன்.

சல்லடை ரூம் வாசலில் அத்தனை வருசம் தொங்கி, அந்தத் துணி இழைக்கு இழை தூசி குடித்திருந்தது. நான் ஒரு உதறில் எல்லாம் போய்விட்டது என்று நினைத்தேன். ஏர்கோன் தினமும் அதை உறிஞ்சி எடுத்து, சூடாக்கி, நேராக அவள் கட்டிலில் இறக்கியிருக்கிறது. ஊரையெல்லாம் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தவன், ஏணியில் ஏறிய ஆளை மட்டும் பார்க்கவில்லை. அன்றைக்கு எனக்கு வந்த வெட்கத்தை எழுதிக் காட்ட முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

"டேப்பு ஒட்டுனவரு இப்ப எங்க?" என்று காண்ட்ராக்டரைக் கேட்டேன்.

"திரிங்காப்ல. பூத் தோட்டத்துல ஷெட்டு போடுறாரு."

அன்றைக்கே அவன் லோரியில் ஏறிப் போனேன். அவர் மழைக்குக் கட்டிய பிளாஸ்டிக் தாளின் கீழே நின்று பலகை அளந்துகொண்டிருந்தார். எனக்கு மலாய் நன்றாக வரும். ஆனால் அன்றைக்கு வார்த்தைகளைத் தேட வேண்டியிருந்தது. டேப்பைப் பிரித்தது நான்தான் என்றேன். பொய் சொன்னதும் நான்தான் என்றேன். அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

"தெரியும், பாக்சிக்" என்றார். "நான் டேப்பை இடமிருந்து வலமாக ஒட்டுவேன். நீங்கள் வலமிருந்து ஒட்டியிருந்தீர்கள். வீட்டில் மாக்சிக் எப்படி இருக்கிறார்?"

இரண்டு நாள் கழித்து அவரே வந்து மீதி வேலையை முடித்தார். மெக்கானிக் ஏர்கோனைக் கழற்றி, தண்ணீர் பீய்ச்சிக் கழுவி மாட்டினார். வடிந்த தண்ணீர் வாளியில் பால் ஊற்றாத தேநீர் நிறத்தில் நின்றது.

மனைவி மூன்றாம் வாரம் திரும்பி வந்தாள். புதுக் குளியலறையைச் சுற்றிப் பார்த்தாள். குழாயைத் திறந்து மூடினாள். நல்லாயிருக்கு என்றாள். கட்டிலில் உட்கார வைத்துவிட்டு, எதிரே நாற்காலி போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். துணியை, டேப்பை, ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் சொன்னதை, திரிங்காப்பை.

"எனக்கு தெரியும்ங்க" என்றாள். "துணி போட்ட ரெண்டாவது நாளே தெரியும். இருவது வருசம் தின்ன தூசி, எனக்கா தெரியாது?"

"தெரிஞ்சும் ஏம்மா சும்மா இருந்தே?"

"சும்மாவா இருந்தேன்? வாசம் வருதுன்னு சொன்னேன். நீங்க தூங்க சொன்னீங்க." அவள் மூச்சு வாங்குவதற்காகக் கொஞ்சம் நிறுத்தினாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "அப்பவும் சொன்னேன், ஞாபகம் இருக்கா? ஸ்டோரு வாசல்ல வந்து நின்னு, மூக்கு துணி நஞ்சி போச்சி, தூசி உள்ளுக்கு போவுது, வேற ஒண்ணு குடுங்கன்னு. கிழிஞ்சி போனத அடுப்புல போட்டுட்டேன்னு சொன்னேன்."

எனக்கு ஞாபகம் இருந்தது. வரிசையில் அவளுக்குப் பின்னால் நாலைந்து பெண்கள் நின்றார்கள். எல்லாரும் கேட்கும்படியாகத்தான் நான் பதில் சொன்னேன்.

"பழசு எங்கன்னு கேட்டீங்க" என்றாள் அவள்.